ஒரே வீட்டில் இரண்டு மாசாணி

இன்சூரன்ஸ் மேசையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரோடும் போன வாரம் டீ குடித்தேன். பத்து நிமிடம் ஆவதற்குள் சண்டை வந்துவிட்டது. அரசாங்கக் காப்பீடு நல்லதா, தனியார் கம்பெனி நல்லதா என்ற பழைய சண்டைதான். "தனியார்தான் மேடம். பணம் கட்டியிருக்கோம், கேட்டா பதில் சொல்லியாகணும்" என்றான் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்ப் பையன். பள்ளிவாசல் என்ற மலையூரில் இருந்து வந்திருக்கும் பெண் விடவில்லை. "எங்க எஸ்டேட்ல அந்த அரசு கார்டு மட்டும் இல்லன்னா பாதிப் பேரு வைத்தியத்துக்கு மலைய விட்டே எறங்கியிருக்க மாட்டாக" என்றாள். பிறகு ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

எனக்குக் கருத்து இல்லாமல் இல்லை. ஒன்பது வருடம் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிகள் அனுப்பும் காகிதங்களில் ஓட்டை தேடியவள் நான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கொல்லங்கோட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில், இப்போது நீங்கள் செய்யும் இதே வேலை. நோயாளியின் காகிதங்களைக் கம்பெனிக்கோ அரசுத் திட்டத்துக்கோ அனுப்பி, சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்கித் தர வேண்டும். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தாயிற்று. என்னைக் கேட்டால், ஏழை, பணக்காரன் என்று பட்டியல் போடாமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் அரசுக் காப்பீடுதான் வேண்டும் என்பேன். ஆனால் இந்தக் கருத்தை மேசைக்குக் கொண்டுவந்து ஒரு பிரயோஜனமும் கிடையாது. அங்கே வேறொன்று வேண்டும். அது என்னவென்று டீக்கடையில் நின்று சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பும் வருகிறது. சிரிப்பதாக இருந்தால் நான் இல்லாத இடத்தில் சிரியுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை. கோவிந்தாபுரம் பக்கத்து விவசாயி வெங்கிடுசாமி, மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் உள்ளவர். மனைவியின் பெயர் மாசாணி. தோப்பில் நடந்துகொண்டிருந்தபோதே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். எங்கள் இதய டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதய வால்வு சுருங்கிவிட்டது, இந்த வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த தனியார் பாலிசி அவர்களிடம் இருந்தது.

கூடவே இன்னொரு அம்மா வந்திருந்தார். வெங்கிடுசாமியின் செத்துப்போன அண்ணன் வேலுச்சாமியின் மனைவி. அதே வீட்டில்தான் இருக்கிறார். அவர் கையில் ஒரு மஞ்சப்பை. அந்தப் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பைக்குள்தான் போகும். மாமனாரின் கண் ஆபரேஷன் சீட்டு, குழந்தையின் காய்ச்சல் சீட்டு, மாட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தது உட்பட எல்லாம் அதில் இருக்கும். மேசையில் "பழைய ரிப்போர்ட் இருந்தால் கொடுங்கள்" என்றால் பையை அப்படியே தூக்கி வைத்துவிடுவார்கள். ஒளித்து வைக்கத் தெரியாதவர்கள்.

அன்று எனக்கு முன்னால் நல்ல கூட்டம். எனக்கோ என் வேகத்தில் பெருமை. மாட்டுச் சீட்டையும் மற்றவர்கள் பெயரில் இருந்தவற்றையும் தள்ளிவிட்டு, வி. மாசாணி என்று பெயர் இருந்ததையெல்லாம் ஸ்கேன் செய்து கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றையும் எடுத்து "இது யாருடையது?" என்று கேட்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். கேட்கவில்லை.

புதன்கிழமை காலை கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. அனுமதி மறுப்பு. பாலிசி எடுப்பதற்கு மூன்று வருடம் முன்பே இவருக்கு இதய வால்வு நோய் இருந்திருக்கிறது, அதை மறைத்திருக்கிறார்கள் என்று காரணம். ஆதாரம், நானே அனுப்பிய ஒரு சீட்டு. ஆனைமலையில் ஒரு டாக்டர் எழுதியது. வால்வு கெட்டவர்களுக்கு மாதாமாதம் போடும் பென்சிலின் ஊசி, சில மாத்திரைகள், மேலே வி. மாசாணி. வயது எழுதவே இல்லை.

வெங்கிடுசாமியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்லீங்க மேடம். இவளுக்கு ஒரு தலவலின்னு கூட வந்ததில்லீங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. காகிதத்துல இருக்கே?"

இதை நான் சொன்ன தோரணை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கம்பெனியில் உட்கார்ந்திருந்த ஒன்பது வருடமும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. சீட்டை யோசிக்காமல் அனுப்பியது சின்னத் தப்பு. அந்த மனுஷனைப் பொய்யன் என்று பார்த்தேனே, அதுதான் பெரிய தப்பு.

அவர் முகம் சிவந்துபோயிற்று. "நான் பொய் சொல்றனுங்களா? நாளைக்கே ஆனைமலை போயி மாசாணியாத்தா கோயல்ல மொளகா அரைச்சுப் பூசறனுங்க. யாரு பொய் சொல்லிக் குடியக் கெடுத்தாங்கன்னு அவ பாத்துக்குவா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அநியாயம் நடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசி, தவறு செய்தவரைத் தண்டிக்கச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் போலீஸில் எழுதிக் கொடுப்பதைவிட அதற்குத்தான் பயம் அதிகம். எனக்கும்தான். ஆனால் என்னைவிட அதிகமாகக் கலங்கியவர் பெஞ்சில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்த அந்த அண்ணிதான். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து மேசைக்கு வந்தார். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அரசுக் காப்பீட்டுக் கார்டு.

"அம்மிணி, இதுல பண்ணீர முடியுங்களா?"

கார்டில் இருந்த பெயர் வி. மாசாணி. நான் குழம்பிப்போய் அவரைப் பார்த்தேன்.

"எம்பேரும் மாசாணிதானுங்க. எங்க பக்கம் ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு வெக்கற பேருங்க. ஊட்ல நாங்க ரண்டு பேரும் மாசாணிதான். நான் பெரியவ, அவ சின்னவ."

வேலுச்சாமி மனைவி வி. மாசாணி. வெங்கிடுசாமி மனைவியும் வி. மாசாணி. ஒரே வீட்டு எண், ஒரே ஊர். கணவன் இறந்த பிறகு பஞ்சாயத்து மெம்பர்தான் பெரிய மாசாணியின் பெயரைத் தனிக் குடும்பமாகச் சேர்த்துவிட்டு, இந்தக் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"நான் கைவெரல வெக்கறனுங்க. மிசினு ஒத்துக்கும். ஆபரேசன அவளுக்குப் பண்ணீருங்க. பேரு ஒண்ணுதானுங்களே, யாருக்குத் தெரியப் போகுது?"

உங்களுக்குப் பொய் சொல்லப் போவதில்லை. ஒரு கால் மணி நேரம் நான் அதைச் செய்யத் தயாராகத்தான் இருந்தேன். சின்ன மாசாணி படுத்திருந்த வார்டு எனக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்ன கெடுவில் மூன்று நாள்தான் மிச்சம். காலையில்தான் எங்கள் சூப்பிரண்டென்டு, பாலக்காட்டுக் கோயில் தெருக்காரர், வந்து நின்று, "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே ஒரு வழி பண்ணணும்மா. இல்லேன்னா அவாளை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கார்டைப் போட்டால் அரசுத் திட்டத்தில் அனுமதி மத்தியானத்துக்குள் வந்துவிடும். நோய் எப்போது வந்தது, ஏன் மறைத்தாய் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நான் அனுப்பிய சீட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். என் தப்பும் அதோடு மூடிப்போகும். கருணை, கருணை என்று மனது சொன்னது, அதற்குள்ளே என் பயமும் பதுங்கி இருந்தது. இப்படி இரண்டும் ஒன்றாக வரும்போது ஜாக்கிரதையாக இருங்கள்.

கைரேகை மிஷினை அவர் பக்கம் திருப்பிக்கூட வைத்துவிட்டேன். பிறகு ஒரு எச்சரிக்கை சொல்லி, பழக்கத்தில், படிவத்தை நிரப்பும்போது எல்லாரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்.

"இதுல பண்ணினா உங்களுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஏறிரும். நாளைக்கு உங்களுக்கே நெஞ்சுல ஒண்ணுன்னா இந்தக் கார்டு உதவாது. டாக்டரும் தப்பான ரிப்போர்ட்டத்தான் பாப்பாரு. உங்களுக்கு அந்த மாதிரி நோவு எதுவும் இல்லையே?"

அவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அது வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையில் கிடந்த ஆனைமலைச் சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குரலை இறக்கி, திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அம்மா, இது யாரோட சீட்டு?"

"என்னுதுங்க."

அவர் அழுதுவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்பே அவருக்கு வால்வு கெட்டிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை கோயிலுக்கு என்று ஆனைமலை போய், சாமி கும்பிட்டுவிட்டு, அந்த டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். முதல் சீட்டைத் தொலைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறார். ஐம்பது சீட்டுக்கு நடுவில் ஒரு சீட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

"ஏம்மா சொல்லல?"

"சீக்காளின்னு தெரிஞ்சா மாட்டுச் சாளைக்கு உடமாட்டாங்க, அடுப்புப் பக்கம் உடமாட்டாங்க. அவரும் போயிட்டாரு, புள்ள குட்டி இல்ல. வேலையுஞ் செய்யலீன்னா அந்த ஊட்ல எனக்கு என்னங்க இருக்குது? அவிய நல்லவியதான். நாந்தான் பயந்துக்கிட்டேன். இப்ப அவ உசுருக்கு நானே எமனாப் போயிட்டேன், அம்மிணி."

சீட்டை வைத்தது அவர்தான், அனுப்பியது நான். மிஷினை என் பக்கமே திருப்பி வைத்தேன். முதலில் அவரையே இதய டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்னவருக்குச் செய்த அதே எக்கோ பரிசோதனை பெரியவருக்கும் நடந்தது. பிறகு ஆனைமலை டாக்டருக்குப் போன் செய்தேன். வயதானவர், கோபக்காரர். "நான் கம்ப்யூட்டரெல்லாம் வச்சுக்கறதில்ல, நோட்டுதான்" என்று எரிந்து விழுந்தார். அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு அமாவாசையும் தேதி போட்டு, ஊசி மருந்தின் பெயரோடு, "மாசாணி, க/பெ வேலுச்சாமி" என்று எழுதி வைத்திருந்தார். பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினார், கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் கொடுத்தார்.

வெங்கிடுசாமியிடம் யார் சொல்வது? "நீயே சொல்லீரு அம்மிணி" என்று பெரியவர் கெஞ்சினார். சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வருசமாங்க? அமாவாசைக்கு அமாவாசை நாந்தானுங்க பஸ்ஸு ஏத்தி உட்டேன். ஒரு தடவயாச்சும் நானும் வரட்டுங்களான்னு கேட்டிருக்கலாமே."

அதற்குமேல் அவர் அண்ணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிளகாயைப் பற்றியும் பேசவில்லை.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரியே, "இந்தச் சீட்டு நோயாளியுடையது அல்ல, சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு." சூப்பிரண்டென்டு படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இப்படியா எழுதறது? ஆஸ்பத்திரி தப்பு பண்ணித்துன்னு நாமளே சொன்னா, நாளைக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் நம்மளைச் சந்தேகப்படுவா. ஏதோ சின்னக் குழப்பம்னு எழுதேன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். 'சின்னக் குழப்பம்' என்று வரும் கடிதங்களை நாங்கள் எப்படிப் படிப்போம் என்று எனக்குத் தெரியும். அது அடுக்கின் அடிக்குப் போகும், ஒரு வாரம் அங்கேயே கிடக்கும். வரியை மாற்றவில்லை. இரண்டு எக்கோ, நோட்டின் பக்கங்கள், இருவரின் ஆதார், எல்லாவற்றையும் வைத்து புதன்கிழமை மாலை அனுப்பினேன். வியாழக்கிழமை முழுவதும் சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் அனுமதி வந்தது. சனிக்கிழமை சின்ன மாசாணிக்கு ஆபரேஷன் நடந்து, நல்லபடியாக முடிந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சித்தூர்ப் பையன் ஜெயித்திருப்பான். முடியவில்லை.

பெரியவரின் எக்கோவைப் பார்த்த டாக்டர், இவருக்கும் வால்வை பலூன் வைத்து விரித்தாக வேண்டும், அதிக நாள் தள்ளக் கூடாது என்றார். அவரை எந்தத் தனியார் கம்பெனியும் சீந்தாது. வெங்கிடுசாமி என் மேசைக்கு வந்து, "என்ற பாலிசியில அண்ணியச் சேத்த முடியுங்களா? எவ்வளவு ஆனாலும் கட்டறனுங்க" என்று கேட்டார். படிவத்தைக் காட்டினேன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர். அண்ணனின் விதவைக்கு அதில் கட்டம் கிடையாது. சரி, அரசுக் கார்டில் அவர் யார்? தனி ஆள். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பையில் சீட்டு வைத்திருக்கும் வீடு, இரண்டு காகிதத்திலும் இரண்டு வீடாகத்தான் இருந்தது.

"எங்க ஊட்டுப் பொம்பளைக்கு எதுக்குங்க அந்தச் சர்க்கார் ஆனுகூல்யமெல்லாம்? இல்லாதவங்களுக்குத்தானுங்களே அது" என்று வெங்கிடுசாமி தயங்கினார். தன் தோப்பில் வேலை செய்பவர்கள் வந்து நிற்கும் அதே வரிசையில் தன் அண்ணி நிற்பதா என்ற கூச்சம். பெரிய மாசாணி ஒரே போடாகப் போட்டார். "நானும் இல்லாதவதானுங்க தம்பி. புருசனும் இல்ல, பாலிசியும் இல்ல. நானே நின்னுக்கறேன்."

அரசுத் திட்டத்தில் அனுமதி இரண்டு மணி நேரத்தில் வந்தது. ஒரு கேள்வி கிடையாது, ஒரு சந்தேகம் கிடையாது. பள்ளிவாசல் பெண் இப்போது எழுந்து நிற்க வேண்டாம், உட்காரம்மா. அனுமதி வந்தது, படுக்கை வரவில்லை. அந்தத் திட்டத்துப் பணம் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வரும் என்பதால், அந்த நோயாளிகளுக்கு என்று வாரத்துக்குச் சில படுக்கைகள்தான் ஒதுக்குவார்கள். இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறையும் தள்ளிப்போட்டார்கள். மூன்றாம் முறை சூப்பிரண்டென்டின் அறை வாசலில் போய் நின்றுகொண்டேன். "என் தப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவங்க அவங்கதான். இன்னிக்குத் தேதி கொடுத்தாத்தான் போவேன்" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கொடுத்தார்.

ஆக, உங்கள் டீக்கடைச் சண்டைக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு பக்கம் உன்னை நம்ப மாட்டார்கள், நம்பிவிட்டால் கதவு அகலத் திறக்கும். இன்னொரு பக்கம் நம்பிவிடுவார்கள், உள்ளே இடம் இருக்காது. இதையெல்லாம் மாற்றுவது மேலே இருப்பவர்கள் வேலை, அவர்களிடம் சத்தம் போட்டுக் கேளுங்கள், நானும் வருகிறேன். அதுவரைக்கும் மஞ்சப்பை வந்தால் அப்படியே ஸ்கேன் செய்யாதீர்கள். ஒவ்வொரு சீட்டாக எடுத்து, பக்கத்தில் இருப்பவர்களின் காதில் விழாமல், இது யாருடையது என்று கேளுங்கள். கூட்டம் திட்டினால் திட்டட்டும்.

பெரியவரைச் சேர்த்த அன்று காலை நான்தான் மேசையில் இருந்தேன். துணைக்கு வந்திருந்தவர் சின்ன மாசாணி. நெஞ்சுக் காயம் ஆறி, மெதுவாக நடந்து வந்தார். மஞ்சப்பை இப்போது அவர் கையில். துணைக்கு இருப்பவரை நம் ஊரில் பைஸ்டாண்டர் என்கிறோமே, அவருக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும். நோயாளி பெயர், வி. மாசாணி என்று எழுதினேன். பைஸ்டாண்டர் பெயர், வி. மாசாணி என்று எழுதினேன். அடுத்தது உறவு.

"என்ன உறவுன்னு போடட்டும்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன்.

சின்னவர் பெரியவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே ஊடுன்னு போட்டுக்கங்க" என்றார் சின்னவர்.

உறவு என்ற இடத்தில் 'ஒரே வீடு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.